கனிம நானோ துகள்களும் புற்றுநோயும்: மதுரை வட்டார ஆய்வு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி., எம்.ஃபார்ம் முடிக்கும் மாணவர்களில் பலர் ஆய்வுத் திட்டத்துக்கு நானோ துகள்களைத்தான் எடுக்கிறார்கள். அதோடு புற்றுநோய் என்ற சொல்லும் சேர்ந்தால் ஆர்வம் இன்னும் கூடிவிடும். வீட்டிலோ தெருவிலோ யாரையாவது அந்த நோய் தொட்டிருக்கும். பாலரெங்காபுரம் புற்றுநோய் மருத்துவமனைக்குத் துணையாகப் போய்வந்த பிள்ளைகளும் இவர்களில் இருப்பார்கள். அந்த அக்கறை உண்மையானது. ஆனால் அறிக்கைகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: "இது எலும்பிலேயே இருக்கும் கனிமம், ஆகவே உடலுக்குப் பாதுகாப்பானது." இந்த 'ஆகவே'யை நான் ஒத்துக்கொள்வதில்லை.

கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இயற்கைக் கனிமம்தான். அதன் ஊசி போன்ற இழைகள் நுரையீரல் உறையில் தங்கி மீசோதீலியோமா என்ற புற்றுநோயை உண்டாக்குகின்றன. படிகச் சிலிக்காத் தூசியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதல் வகையில் வைத்திருக்கிறது. அதே சிலிக்காவைப் படிகமற்ற நிலையில், 6–7 நானோமீட்டர் அளவில் செய்து, சிறுநீரில் வெளியேறும் துகளாக மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நோயாளிகளுக்கே செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் சிலிக்காதான். அளவு, வடிவம், மேற்பரப்பு, எவ்வளவு கொடுக்கிறோம், எந்த வழியாகக் கொடுக்கிறோம் என்ற எல்லாம் சேர்ந்துதான் உயிரிணக்கத்தை, அதாவது உடல் அதைத் தீங்கில்லாமல் ஏற்பதை, தீர்மானிக்கின்றன. அதை ஒவ்வொரு படியிலும் சோதித்துக் காட்ட வேண்டும். அதற்கான வழி கீழே.

தொடங்கும் முன்: மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தவை எவை?

துகளைச் செய்யும் முன், இந்த வகைப் பொருள்கள் மனிதரிடம் என்ன வேலைக்குப் பயன்பட்டன என்று பாருங்கள். உங்கள் திட்டத்தின் கேள்வி அதிலிருந்துதான் பிறக்கும்.

இரும்பு ஆக்சைடு இந்தக் குடும்பத்தில் மூத்தது. ஃபெருமாக்சைட்ஸ் என்ற கரைசலைக் கல்லீரல் எம்ஆர்ஐ படத்துக்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996-ல் அனுமதித்தது. அது வேலை செய்யும் விதம் அழகானது. கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள் துகள்களை விழுங்கிக்கொள்வதால் நல்ல பகுதி படத்தில் கறுத்துவிடும். கட்டியில் அந்தச் செல்கள் பெரும்பாலும் இருக்காது, அதனால் அது வெளிறித் தனியாகத் தெரியும். துகள் கட்டியைத் தேடிப் போகவில்லை, கட்டியைத் தவிர மற்ற இடத்துக்குப் போனது. அதையே நோயறியும் வழியாக்கிக்கொண்டார்கள். அந்த மருந்து பின்னர் சந்தையிலிருந்து போய்விட்டது. இன்னொரு இரும்பு ஆக்சைடான ஃபெருமாக்சிடால் 2009-ல் சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு அனுமதி பெற்றது. அரிதாக உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வருவதால் 2015-ல் அதன் எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டது. 'இரும்பு உடலில் இருப்பதுதானே' என்று சொல்பவர்களுக்கு இது ஒன்றே போதுமான பதில்.

மார்பகப் புற்றுநோயில் முதல் நிணநீர்க் கணுவைக் கண்டுபிடிக்க உதவும் மேக்டிரேஸ் என்ற இரும்பு ஆக்சைடு கரைசல் 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதற்கு வழக்கமாகக் கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்துவார்கள். அந்த வசதி இல்லாத ஊர் மருத்துவமனைகளுக்குக் காந்தத் துகள் நல்ல மாற்று. தோலில் பழுப்புக் கறை தங்குவதும், பின்னால் எடுக்கும் எம்ஆர்ஐ படம் கெடுவதும் இதன் குறைகள்.

சிகிச்சைப் பக்கம் வந்தால், நானோதெர்ம் என்ற இரும்பு ஆக்சைடு மூளைக் கட்டிக்காக 2010-ல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. கட்டிக்குள் நேரடியாகச் செலுத்தி, மாறும் காந்தப்புலத்தால் சூடேற்றுவார்கள். ஹாஃப்னியம் ஆக்சைடு துகளான ஹென்சிஃபை 2019-ல் மென்திசு சார்கோமாவுக்கு ஐரோப்பிய அனுமதி பெற்றது. அதையும் கட்டிக்குள்தான் ஊசி போடுவார்கள். எக்ஸ் கதிர் பட்டால் எலக்ட்ரான்களை வெளியிட்டுக் கதிர்வீச்சின் சேதத்தைக் கூட்டும், கதிர் படாதபோது பெரும்பாலும் சும்மா இருக்கும். அதன் சோதனையில் கட்டி முழுவதும் அழிந்த நிலையை எட்டியவர்கள் சுமார் 16 சதவீதம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் சுமார் 8 சதவீதம்.

இந்த இரண்டு சிகிச்சைகளும் இரத்தத்தின் வழியே போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த ஒரு கணக்கு, இரத்தத்தில் செலுத்திய நானோ துகளில் கட்டியைச் சென்றடைவது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான் என்று காட்டியது. மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே கை எட்டும் கட்டிகளை, வாய்ப் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்றவற்றை, மனத்தில் வைத்துத் திட்டம் போடுங்கள் என்பேன். இவை நம் பக்கத்து மருத்துவமனைகளிலும் பார்க்கும் நோய்கள்தான்.

முதல் படி: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

நோயறிதல், மருந்து சுமத்தல், சூடேற்றல், கதிர்வீச்சுக்குத் துணை என்று நான்கையும் ஒரே துகளில் திணிக்கப் பார்க்காதீர்கள். ஆறு மாதத் திட்டத்துக்கு ஒரு கேள்வி போதும். இந்த வழிகாட்டியில் ஹைட்ராக்ஸிஅபடைட்டை, எலும்புக் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட்டை, எடுத்துக்கொள்கிறேன். மூலப்பொருள் மலிவு, கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம், அமிலத்தில் கரையும். கடைசிக் குணம்தான் இங்கே முக்கியம். கட்டியைச் சுற்றிய நீர்மத்தின் பிஎச் சுமார் 6.5 முதல் 6.9 வரை இருக்கும். செல்லுக்குள் விழுங்கியதைச் செரிக்கும் பையான லைசோசோமில் அது 4.5 முதல் 5 வரை இறங்கும். நல்ல இரத்தத்தில் 7.4. துகள் லைசோசோமுக்குள் போய்க் கரைந்து மருந்தை விடும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

இரண்டாம் படி: துகளைச் செய்தல்

கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 11.81 கிராமை 100 மி.லி. நீரில் கரையுங்கள். டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 3.96 கிராமை இன்னொரு 100 மி.லி. நீரில் கரையுங்கள். இதில் கால்சியம் 0.05 மோல், பாஸ்பரஸ் 0.03 மோல். விகிதம் 1.67, ஹைட்ராக்ஸிஅபடைட்டின் சரியான விகிதம். இரண்டு கரைசலையும் அம்மோனியாவால் பிஎச் 10-க்கு மேல் கொண்டுபோங்கள். இதைப் புகைபோக்கி அறைக்குள்தான் செய்ய வேண்டும். பிறகு பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியக் கரைசலில் விட்டுக் கலக்குங்கள். சொட்டு விடும்போது பிஎச் இறங்கும். பலர் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பார்ப்பதில்லை. பிஎச் இறங்கினால் கால்சியம் குறைந்த அபடைட்டோ வேறு பாஸ்பேட்டோ கிடைக்கும். ஒவ்வொரு 10 மி.லி.க்கும் அளந்து, அம்மோனியா சேர்த்துத் தூக்கி வையுங்கள்.

இரவு முழுவதும் கலக்கவிட்டு, மறுநாள் மையநீக்கி கொண்டு பிரித்து, கழுவிய நீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவுங்கள். அம்மோனியம் நைட்ரேட் மிச்சம் இருந்தால் பின்னால் செல் சோதனையில் அதுவே செல்லைக் கொன்றுவிடும், பழியோ பாராட்டோ துகளுக்குப் போகும். 80 டிகிரியில் உலர்த்துங்கள். முழு விளைச்சல் கிடைத்தால் சுமார் 5 கிராம். அதற்கு மேல் இருந்தால் ஈரமோ உப்போ மீதி இருக்கிறது.

நீரைப் பற்றி ஒரு சொல். ஆழ்குழாய்க் கிணற்று நீர் நம் பக்கத்தில் பல இடங்களில் கடினமானது. அதை வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று நினைக்கவே வேண்டாம். காய்ச்சி வடித்த நீரை எடுத்து, மறுபடி கொதிக்கவைத்து ஆறவிட்டால் கரைந்திருக்கும் கரியமில வாயுவும் போகும். இல்லாவிட்டால் கார்பனேட் உள்ளே புகும். எலும்பிலேயே கொஞ்சம் கார்பனேட் உண்டு, அதனால் அது தீங்கல்ல. ஆனால் உங்களுக்குத் தெரியாமல் புகக் கூடாது.

முட்டை ஓட்டிலிருந்து செய்ய விரும்புகிறவர்கள் உண்டு. மதுரையில் ராத்திரி பரோட்டாக் கடைகளில் அள்ளிக்கொள்ளும் அளவுக்குக் கிடைக்கும். நல்ல யோசனைதான், பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். உள்சவ்வை உரித்து, கழுவி, 900 டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். 100 கிராம் தூய கார்பனேட்டுக்கு 56 கிராம். ஆனால் எடையை வைத்துக் கால்சியத்தைக் கணக்குப் போட்டு நேராக பாஸ்பாரிக் அமிலம் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டே இருக்கும். இளங்கலையில் படித்த ஈடிடிஏ தரம்பார்த்தலைச் செய்து, உண்மையில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று அளந்துவிட்டு அமிலத்தைச் சேருங்கள். ஓட்டில் மக்னீசியமும் இருக்கும். ஈயம், காட்மியம் இருக்கிறதா என்று ஒரு தொகுதியையாவது வெளியே அனுப்பிப் பாருங்கள்.

இந்த இடத்தில் சங்கு பற்பம், பவழ பற்பம் பற்றியும் கேள்வி வரும். அவையும் சுட்ட கால்சியப் பொருள்கள்தானே, அப்படியானால் அவை நானோ மருந்துதானே என்று. நுண்மையாக இருப்பது மட்டும் ஒன்றை நானோ மருந்தாக்காது. அளவுப் பரவல், மேற்பரப்பு, உடலில் போகும் பாதை இவை எதுவும் தெரியாமல் ஒரு பொடியைப் புற்றுநோயோடு முடிச்சுப்போட முடியாது. பற்பமோ செந்தூரமோ சாப்பிடும் நோயாளி அதைத் தன் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீமோ மருந்தோடு அது எப்படிச் சேரும் என்பதை அவர்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: செய்தது அதுதானா?

எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை), எஃப்டிஐஆர் (வேதிப் பிணைப்புகளைக் காட்டும் அகச்சிவப்புச் சோதனை), டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்) மூன்றும் வேண்டும். கல்லூரியில் கருவி இல்லாவிட்டால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், அங்கேயே உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி ஆகிய இடங்களில் விசாரியுங்கள். மாதிரியை அனுப்பும்போது உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை எழுதி அனுப்புங்கள். 'எக்ஸ்ஆர்டி எடுத்துத் தாருங்கள்' என்று மட்டும் சொன்னால் வேகமாக ஓட்டிய ஒரு வரைபடம் வரும், அதில் அடுத்தடுத்த உச்சிகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

தாமிர எக்ஸ் கதிரில் 25.9 டிகிரியிலும், 31.8, 32.2, 32.9 டிகிரிகளிலும் உச்சிகள் வர வேண்டும். நானோ துகளில் கடைசி மூன்றும் அகன்று ஒன்றின்மேல் ஒன்று சாயும், அது இயல்பு. ஆனால் அகன்ற உச்சிக்குள் வேறு பொருளும் ஒளிந்துகொள்ளும். அதைப் பிடிக்க ஒரு நல்ல வழி: கொஞ்சம் மாதிரியைத் தனியாக எடுத்து 900 டிகிரியில் சுட்டு மறுபடி எக்ஸ்ஆர்டி எடுங்கள். கால்சியம் குறைந்திருந்தால் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற வேறு பாஸ்பேட் தலைகாட்டும். கூடியிருந்தால் 37.4 டிகிரியில் சுண்ணாம்பு உச்சி எழும். சுட்ட மாதிரியில் துகள் பெருத்துவிடும், அதனால் அதைச் செல் சோதனைக்குக் கொண்டுபோகக் கூடாது.

நான்காம் படி: நீரில் ஒன்று, ஊடகத்தில் வேறொன்று

டெம் படத்தில் 30 நானோமீட்டர் ஊசி தெரியும். நீர்மத்தில் மிதக்கும் துகளை ஒளிச்சிதறலால் அளக்கும் டிஎல்எஸ் அதையே 400 என்று சொல்லும். இரண்டும் உண்மையாக இருக்கலாம், துகள்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பிறகு அதைச் சீரம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் போட்டால் புரதங்கள் மேலே படிந்து அளவும் ஜீட்டாவும் (மேற்பரப்பு மின்னழுத்தம்) மறுபடி மாறும். செல் பார்ப்பது இந்தக் கடைசி உருவத்தைத்தான். ஆகவே நீரில் எடுத்த அளவு மட்டும் போதாது. ஊடகத்தில் 0, 4, 24 மணி நேரத்தில் அளந்து எழுதுங்கள். சிட்ரேட்டோ பாலிஎத்திலீன் கிளைக்காலோ பூசினால் ஒட்டுவது குறையும். பூசிய பின் எல்லா அளவையும் திரும்ப எடுக்க வேண்டும், அது இப்போது புதுப் பொருள்.

ஐந்தாம் படி: மருந்தைச் சுமத்தி விடுவித்தல்

டாக்ஸோரூபிசினை எடுத்தால் அதன் செந்நிறத்தை 480 நானோமீட்டரில் அளந்துவிடலாம். அது உண்மையான கீமோ மருந்து, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

விடுவிப்புச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. பிஎச் 7.4-க்கு பாஸ்பேட் பஃபரும் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்), 5.5-க்கு சிட்ரேட் பஃபரும் எடுத்து, 'அமிலத்தில் மருந்து வேகமாக வருகிறது' என்று எழுதிவிடுவார்கள். பாஸ்பேட் பஃபரில் ஏற்கெனவே பாஸ்பேட் நிறைந்திருப்பதால் துகள் கரையத் தயங்கும். சிட்ரேட் கால்சியத்தைப் பற்றி இழுத்துக் கரைக்கும். அப்படியானால் வித்தியாசம் பிஎச்சால் வந்ததா, பஃபரால் வந்ததா? பதில் சொல்ல முடியாது. 7.4-க்கு ஹெப்பீஸ், 5.5-க்கு மெஸ் என்று கால்சியத்தோடு அதிகம் பேசாத பஃபர்களை எடுங்கள். வெளிவரும் மருந்தோடு கரைந்த கால்சியத்தையும் சேர்த்து அளந்தால் கதை முழுமையாகும்.

ஆறாம் படி: இரத்தம்

மனித இரத்தம் எடுப்பதற்கு முன் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், உங்கள் சொந்த இரத்தமாக இருந்தாலும். சிவப்பணுக்களோடு துகளை 37 டிகிரியில் வைத்து, சுழற்றி, 540 நானோமீட்டரில் ஹீமோகுளோபினை அளப்பார்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் அளவுகோலில் 2 சதவீதத்துக்குக் கீழ் என்றால் சிதைவில்லை, 2 முதல் 5 வரை லேசான சிதைவு, 5-க்கு மேல் சிதைவு. ஹைட்ராக்ஸிஅபடைட் புரதங்களை நன்றாக உறிஞ்சும். கசிந்த ஹீமோகுளோபினும் துகளில் ஒட்டி அடியில் போய்விட்டால் எண் பொய்யாகக் குறைந்து தெரியும். தெரிந்த அளவு ஹீமோகுளோபினோடு துகளைக் கலந்து, எவ்வளவு காணாமல் போகிறது என்று முதலில் பாருங்கள்.

ஏழாம் படி: செல் சோதனை

புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து செல் வரிசைகளை வாங்கலாம். பக்கத்து ஆய்வகத்தில் ஓசியில் கிடைக்கும் குடுவை எத்தனை முறை பிரித்து வளர்க்கப்பட்டது, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று இருக்கிறதா என்று தெரியாது. வாய்ப் புற்றுநோய்த் திட்டம் என்றால் வாய்ப் புற்றுநோய்ச் செல்லை எடுங்கள். கையில் இருக்கிறது என்பதற்காக ஹீலாவில், அதாவது கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்லில், செய்துவிட்டு வாயைப் பற்றி எழுத முடியாது.

எம்டிடி சோதனைதான் எல்லோரும் செய்வது. உயிருள்ள செல் மஞ்சள் உப்பை ஊதா ஃபார்மசானாக மாற்றும், 570-ல் அளப்போம். துகள் அந்த ஒளியைச் சிதறடிக்கும், ஃபார்மசானையும் பிடித்துக்கொள்ளும். கடைசிக் கரைசலைச் சுழற்றி, மேல்நீரைப் புதுத் தட்டுக்கு மாற்றி அளந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். செல் இல்லாமல் துகள் மட்டும் போட்ட தட்டுக் குழிகளும் கட்டாயம் வேண்டும்.

ஒப்பீடுகளில் சிக்கனம் பார்க்காதீர்கள். எதுவும் சேர்க்காத செல், வெறும் துகள், அதே அளவு வெறும் மருந்து, மருந்து சுமந்த துகள், செல்லைக் கொல்லும் என்று தெரிந்த ஒன்று, இவை ஐந்தும் புற்றுநோய்ச் செல்லிலும் நல்ல செல்லிலும் நடக்க வேண்டும். நல்ல செல்லுக்கு எல்929 போன்ற எலி நார்ச்செல்லை எடுக்கலாம். வெறும் மருந்தைவிடத் துகள் எந்த விதத்தில் மேல் என்று காட்ட முடியாவிட்டால் துகளுக்கே அவசியம் இல்லை. ஐஎஸ்ஓ 10993-5 அளவுகோலில் உயிர்த்தன்மை 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது நச்சு. 'வெறும் துகள் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது' என்று மகிழும் முன் நல்ல செல்லின் எண்ணைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே குறைந்தால் கிடைத்தது மருந்தல்ல, நஞ்சு.

இன்னொன்று, துகள் தட்டின் அடியில் போய்ப் படியும். செல்லும் அடியில்தான் இருக்கிறது. ஆகவே ஊடகத்தில் நீங்கள் எழுதிய செறிவைவிடச் செல்லின் மேல் விழுவது அதிகம்.

எட்டாம் படி: அளவை மனிதருக்கு மாற்றிப் பார்த்தல்

இதை யாரும் செய்வதில்லை, ஐந்து நிமிட வேலை. உங்கள் துகள் மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராமில் வேலை செய்தது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம். அதே செறிவு வர 2.5 கிராம் துகளை இரத்தக்குழாயில் செலுத்த வேண்டும். ஒப்பிட, ஃபெருமாக்சிடாலின் ஒரு வேளை அளவு 510 மில்லிகிராம் இரும்பு. அதற்கே அந்த எச்சரிக்கை. கட்டிக்குள் நேராக ஊசி போடும் திட்டம் என்றால் கணக்கு வேறு, அதைத் தனியாகப் போடுங்கள்.

இரும்பு ஆக்சைடு செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக

ஃபெரிக், ஃபெரஸ் உப்புகள் 2-க்கு 1 விகிதத்தில், நைட்ரஜன் ஓட்டத்தில், அம்மோனியாவால் வீழ்படிவாக்குங்கள். கறுப்பாக வர வேண்டும், பழுப்பேறினால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது. சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே துகள் சூப்பர்பாராகாந்தமாக இருக்கும். புலம் நீங்கியதும் காந்தத்தன்மை மிஞ்சாது, அதனால் ஒட்டிக்கொள்ளாது. சூடேற்றும் சோதனையில் வெறும் கம்பிச்சுருளின் சூட்டைக் கழிக்க மறக்காதீர்கள். நீரை மட்டும் வைத்து ஒரு முறை ஓட்டினால் தெரிந்துவிடும்.

இதற்கு அப்பால்

விலங்குச் சோதனைக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு முன் பாக்டீரியா விட்டுச்செல்லும் நச்சான எண்டோடாக்ஸின் அளவைப் பாருங்கள். ஆய்வகத்தில் செய்த துகளில் அது இருப்பது சாதாரணம், விலங்குக்குக் காய்ச்சலும் அழற்சியும் வந்தால் துகளையே குறை சொல்ல நேரும். இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டு நெறிகள் 2019-ல் வெளியாகின. முதுகலை மாணவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ஆனால் அதை ஒருமுறை படித்தால் தன் வேலை அந்த நீண்ட பாதையில் எங்கே நிற்கிறது என்று புரியும்.

அறிக்கையின் முடிவுரையில் 'புற்றுநோயைக் குணப்படுத்தும்' என்று எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்: "இந்த அளவும் இந்தப் பூச்சும் கொண்ட துகள், இந்தச் செறிவுவரை எல்929 செல்லின் உயிர்த்தன்மையை 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கவில்லை, மருந்து சுமந்த நிலையில் இந்தப் புற்றுநோய்ச் செல்லில் வெறும் மருந்துக்கு நிகரான விளைவைத் தந்தது." சின்ன வரிதான், ஆனால் அடுத்த மாணவர் அதன் மேல் கட்டலாம்.

கல்லூரி ஆய்வு நாளிதழில் செய்தியாக வந்தால் மறுநாளே நோயாளியின் உறவினர் யாராவது கூப்பிட்டு, அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்பார். அவரிடம் இது இன்னும் தட்டில் வளர்த்த செல்லோடு நிற்கிறது, சிகிச்சையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். வேறு யாராவது நானோ சிகிச்சை தருவதாக அவரை அழைத்திருந்தால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் எண், நெறிமுறைக் குழுவின் அனுமதி, தமிழில் ஒப்புதல் படிவம் மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்; அவருக்குத் தெரியாவிட்டால் நீங்களே உட்கார்ந்து தேடிக் கொடுங்கள்.